பாரவண்டிக்கு மோட்டார்: பளு குறையுமா, வாடகை கூடுமா?

(ராஜபாளையத்தில் வண்டித் தொழிலாளர்கள், மில் தொழிலாளர்கள், தோப்பு வேலைக்காரர்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



குழாயும் ஆங்கிள் இரும்பும் வாங்கி, பட்டறையில் பற்ற வைத்து, பழைய சைக்கிளின் முன்பாகத்தை அறுத்து மாட்டி, பின்னால் பலகை அடித்து நாமே செய்துகொள்ளுகிற மூன்று சக்கர வண்டியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதற்கு ஒரு மின்சார மோட்டாரும் பாட்டரியும் வைத்தால் என்ன என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். சிலர் வைத்தும் பார்த்துவிட்டீர்கள். வைக்கலாமா, எப்படி வைப்பது, வைத்தபின் யாருக்கு லாபம் என்பதைப் பேசுவோம். கடைசிக் கேள்வியைப் பட்டறைக்காரர் உங்களிடம் கேட்கமாட்டார். அதனால் நான் கேட்கிறேன்.

இது புதிய யோசனை என்று யாரும் நினைக்க வேண்டாம். மைக்கேல் பாரடே என்கிற கொல்லன் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகிய பையன், மின்சாரத்தால் ஒரு கம்பியைச் சுழல வைத்துக் காட்டியது 1821ல். அறுபது வருஷம் கழித்து, 1881ல், பாரிஸ் நகரத்தில் குஸ்தாவ் துரூவே என்பவர் அந்த சக்தியை வண்டியில் ஏற்றித் தெருவில் ஓட்டினார். எந்த வண்டியில்? இங்கிலாந்தில் செய்த ஒரு மூன்று சக்கர சைக்கிளில்! மின்சாரக் கார் பிறப்பதற்கு முன்னால் பிறந்தது மின்சார ட்ரைசைக்கிள். ஆகவே பட்டறையில் உட்கார்ந்து நம் தோழர் ஒருவர் செய்கிற காரியத்தை யாராவது கிறுக்குத்தனம் என்று சொன்னால், 140 வருஷத்துக்கு மேற்பட்ட கிறுக்குத்தனம் என்று பதில் சொல்லுங்கள்.

எத்தனை கிலோ இழுவை?

முதலில் கணக்கு. கணக்கில்லாமல் மோட்டார் வாங்கப் போனால் கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு.

வண்டி 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் 60 கிலோ. சத்திரப்பட்டியிலிருந்து வரும் பேண்டேஜ் துணிக் கட்டோ, தேங்காயோ, நூல் பையோ, சுமை 250 கிலோ. ஆக 380 கிலோ. நல்ல தார் ரோடு, டயரில் காற்று சரியாக இருக்கிறது, பெயரிங் சுத்தமாக இருக்கிறது என்றால், இதை உருட்டிக்கொண்டே போக ஏறக்குறைய 6 கிலோ இழுவை போதும். ஒரு குடம் தண்ணீரைக் கயிற்றில் கட்டி இழுக்கிற சிரமத்தில் பாதிதான். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதற்கு வேண்டிய சக்தி 160 வாட்.

நம்மிடம் எவ்வளவு இருக்கிறது? நன்றாகச் சாப்பிட்டு, நோயில்லாமல் இருக்கிற ஒரு ஆண்மகன் நாள் முழுவதும் விடாமல் கொடுக்கக் கூடியது சுமார் 75 வாட். ஒரு குதிரைசக்தியில் பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் சமதரையில்கூடச் சுமை வண்டி 10 கிலோமீட்டர் வேகத்தில் போவதில்லை, ஐந்தில் போகிறது.

இப்போது ஏற்றத்துக்கு வாருங்கள். நூறு அடிக்கு மூன்று அடி உயருகிற ஏற்றம். கண்ணுக்கு ஏற்றம் என்றே தெரியாது, முழங்காலுக்குத் தெரியும். அங்கே இழுவை 6 கிலோ அல்ல, 17 கிலோ! மூன்று மடங்கு. நமது 75 வாட்டை வைத்துக்கொண்டு இதில் ஏறினால் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர்தான் போகமுடியும். அந்த வேகத்தில் சைக்கிளை மிதிக்கவே முடியாது. அதனால்தான் இறங்கி, ஹாண்டில்பாரை ஒரு கையிலும் பலகையை ஒரு கையிலும் பிடித்துத் தள்ளுகிறோம். சோம்பலால் யாரும் இறங்குவதில்லை.

250 வாட் மோட்டார் ஒன்று இருந்தால்? நஷ்டம் போகச் சக்கரத்துக்கு 200 வாட் வந்து சேரும். நம் 75ம் சேர்ந்தால் 275. அதே ஏற்றத்தில் மணிக்கு ஆறு கிலோமீட்டர். இறங்க வேண்டாம், நெஞ்சு அடைக்க வேண்டாம்.

இதைவிட என்னைத் தூங்கவிடாத கணக்கு ஒன்று உண்டு. 75 வாட் வீதம் ஒரு மனிதன் எட்டு மணி நேரம் மிதித்தால் மொத்தம் எவ்வளவு? 600 வாட்-மணி. அதாவது முக்கால் யூனிட்கூட இல்லை. ஒரு முழு நாள் உடம்பை முறித்துப் போட்டு நாம் செய்கிற இழுவை, மின்சார மீட்டரில் முக்கால் யூனிட்டை எட்டாது! அதற்காக ஒரு மனிதனின் மூட்டும் முதுகும் தேய்கின்றன. இதை எண்ணிப் பார்க்கிற எவரும் மோட்டார் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். மனிதனை மனிதன் இழுக்கிற கைரிக்ஷாவைத் தமிழக அரசு 1973ல் ஒழித்தபோது, உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள் ரிக்ஷா வந்தது. மிதிக்கிறவனின் பாரத்தை இறக்குகிற வேலை அங்கேயே நின்று போயிற்று.

ஆனால் ஒன்று. மோட்டாருக்கு முன்னால் காற்று அடியுங்கள். தளர்ந்த டயர், காய்ந்த பெயரிங், நேராக இல்லாத அச்சு, இவை மூன்றும் சேர்ந்தால் 6 கிலோ இழுவை 12 கிலோ ஆகிவிடும். மோட்டாரில் பாதி பம்பிலேயே இருக்கிறது. காற்றடிக்காமல் மோட்டார் வைத்தவர் பாட்டரியைத்தான் கொன்றார்.

மோட்டார் எங்கே உட்கார வேண்டும்?

கடைகளில் முன்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் அடங்கிய சக்கரம் கிடைக்கிறது. மாட்டுவது சுலபம், பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டால் முடிந்தது. நம் பாரவண்டிக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சுமையெல்லாம் பின்னால், முன்சக்கரத்தின் மேல் பளு குறைவு. தோப்பு மண்ணில் அது சுழன்றுகொண்டே இருக்கும், வண்டி நகராது. இன்னொன்று, முன் போர்க் என்பது பழைய சைக்கிளின் போர்க். அது அத்தனை முறுக்கைத் தாங்கச் செய்ததல்ல. அச்சு நழுவி, போர்க் முனை பிளந்து, சக்கரம் தனியே போனால் பல்லும் தாடையும் நம்முடையவை.

பின் அச்சுக்குச் செயின் மூலம் ஓட்டம் கொடுப்பதே நல்லது. மோட்டாரோடு கியர் சேர்ந்து வருகிற 24 வோல்ட் மோட்டார் கிடைக்கிறது. மோட்டார் நிமிஷத்துக்கு 3000 சுற்றுக்குக் கிட்டத்தட்டச் சுற்றும். அதன் கியர் அதைச் சுமார் 300 ஆக்கிக் கொடுக்கும். நம் பின் சக்கரம் 28 அங்குலம். ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும். மோட்டார்ப் பக்கம் 9 பல், பின் அச்சில் 30 பல் வைத்தால் சக்கரம் நிமிஷத்துக்கு 90 சுற்று. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம். போதும்! அதற்கு மேல் வேண்டும் என்று இளைஞர்கள் பல்லைக் குறைக்கச் சொல்லுவார்கள். பின் அச்சில் 20 பல் வைத்தால் 18 கிலோமீட்டர் வேகம் வரும். ஏற்றத்தில் மோட்டார் முனகி, சூடேறி, புகைந்து நிற்கும். சுமை இழுக்கிற மாட்டைப் பந்தயத்துக்கு விடுகிறோமா?

மிதிக்கும் செயின் ஒரு பிரீவீலில், மோட்டார்ச் செயின் இன்னொரு பிரீவீலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் ஓடும்போது பெடல் தானே சுழன்று காலை அடிக்கும். பாட்டரி தீர்ந்தபிறகு மிதித்தால் மோட்டாரையும் சேர்த்து இழுக்க வேண்டிவரும்.

பின் அச்சில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் ஓட்டம் இருக்கிற வண்டிகள் நம்மிடம் நிறைய. மோட்டார் இழுக்கும்போது அது ஒரு பக்கமாக வண்டியைத் திருப்பப் பார்க்கும். பழகிவிடலாம், ஆனால் முதல் நாள் சுமை ஏற்றாமல் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகுங்கள். இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் நேராகப் போகும், திருப்பத்தில் டயர் அரைபடும். பாட்டரி ரிக்ஷாவில் இதற்காக டிபரன்ஷியல் வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்தச் செலவு முதலிலேயே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கன்ட்ரோலர் இல்லாமல், சுவிட்சைத் தட்டி நேரே மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிறார்கள் சிலர். செய்யாதீர்கள். நின்ற வண்டி குதிரைபோலத் துள்ளும், செயின் அறும். பாட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம். வயர் 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வீட்டு லைட் வயரைப் போட்டால் அது அடுப்புத் திரியாகிவிடும். கிளம்பும்போது முதலில் மிதியுங்கள், வண்டி உருண்டபின் மோட்டாரைத் தொடுங்கள். இந்த ஒரு பழக்கம் பாட்டரிக்கும் மோட்டாருக்கும் ஆயுளைக் கூட்டும்.

பாட்டரி: 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பாட்டரி இரண்டு. ஈயப் பாட்டரி என்றால் இரண்டும் சேர்ந்து சுமார் 25 கிலோ கனம். அதில் எழுதியிருப்பது 960 வாட்-மணி. ஆனால் பாதிக்கு மேல் உறிஞ்சினால் சீக்கிரம் சாகும். ஆகவே நமக்கு உரியது 480. மோட்டார் முழுச் சக்தியில் ஓடினால் இரண்டு மணி நேரம், 20 கிலோமீட்டர். நாமும் மிதித்துக்கொண்டு, தேவையான இடத்தில் மட்டும் மோட்டாரைத் தொட்டால் தூரம் கூடும். திரும்பச் சார்ஜ் செய்ய முக்கால் யூனிட் ஆகும். பழைய சாமான் கடையில் கார் பாட்டரி மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். அது காரைக் கிளப்ப ஒரு நொடி பலமாகக் கொடுப்பதற்குச் செய்தது. மணிக்கணக்கில் மெதுவாகக் கொடுக்க முடியாமல் நாலைந்து மாதத்தில் படுத்துவிடும். லித்தியம் பாட்டரி கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆயுள் பல மடங்கு. கையிலிருந்து ஒரேயடியாகப் பெரும் பணம் போகும். கூட்டாக வாங்கினால் யோசிக்கலாம்.

சார்ஜ் ஆகும்போது ஈயப் பாட்டரியிலிருந்து எரிகிற வாயு வரும். குழந்தைகள் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். பக்கத்தில் பீடி பற்ற வைக்காதீர்கள். செத்த பாட்டரியை உடைத்து ஈயம் உருக்குகிறவர்களிடம் கொடுக்காமல், வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஈயத் தூள் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். வங்கதேசத்தில் பாட்டரி ரிக்ஷா பெருகியபின் இந்தத் துன்பம் எத்தனையோ கிராமங்களில் புகுந்திருக்கிறது.

நிறுத்துவது எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோழர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஆடிப்பூரத் தேரை ஓட வைப்பது வடம் பிடிக்கிற ஆயிரம் கைகள் என்று ஊர் சொல்லும். முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்குத்தான் தெரியும், தேரைக் காப்பாற்றுவது யார் என்று. நம் வண்டியில் வடத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். முட்டுக்கட்டையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

சைக்கிளின் முன் பிரேக் ஒரு ஆளையும் ஒரு சைக்கிளையும், அதாவது 80 கிலோவை நிறுத்தச் செய்தது. அதை வைத்துக்கொண்டு 380 கிலோவை நிறுத்துகிறோம். ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் காலைத் தரையில் ஊன்றியாவது நிறுத்திவிடலாம். மோட்டார் வந்து வேகம் இரண்டு மடங்கானால், நிற்க வேண்டிய தூரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு! வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இதுதான் இயற்கையின் கணக்கு. இதில் பேரம் கிடையாது.

நம் ஊரின் கிடப்பையும் பாருங்கள். மேற்கே மலை. அய்யனார் கோயில் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது? கிழக்கே. மலையடித் தோப்பிலிருந்து தேங்காயும் மாங்காயும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வருகிறவர் சரிவில் வருகிறார். போகும்போது காலி வண்டி, ஏற்றம். வரும்போது சுமை வண்டி, இறக்கம். ஆகவே நமக்கு மோட்டார் உதவுவதைவிட அதிகமாக பிரேக் உதவ வேண்டும். பிரீவீல் வைத்த மோட்டார் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தாது என்பதை மறக்க வேண்டாம்.

பழைய மொபெட்டின் டிரம் பிரேக்கைப் பின் அச்சில் பொருத்துகிற வேலை நம் லேத் பட்டறைகளில் நடக்கக் கூடியதுதான். அதை முதலில் செய்யுங்கள். அதை ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பிறகு மோட்டார். பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டாருக்குக் கரண்ட் அறுகிற சுவிட்சு சின்ன சாமான், விலையும் சின்னது, அதையும் போடுங்கள். திருப்பத்தில் சைக்கிள் சாயும். மூன்று சக்கர வண்டி சாயாது, கவிழும். தேங்காயைக் கோபுரமாக அடுக்கினால் சீக்கிரம் கவிழும். கனமானதைக் கீழே, அச்சுக்கு மேலே வையுங்கள். பாட்டரியையும் பலகைக்கு அடியில் தொங்கவிடுங்கள்.

டாக்காவில் நடந்ததைச் சொல்லுகிறேன். அங்கே லட்சக்கணக்கான ரிக்ஷாக்காரர்கள், பட்டறைகளில் சாதாரண மிதி ரிக்ஷாவுக்கே மோட்டார் வைத்துக்கொண்டார்கள். வண்டி பழையது, பிரேக் பழையது, வேகம் மட்டும் புதியது. விபத்துகள் பெருகின. 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் மூன்றே நாளில் அவற்றை ரோட்டிலிருந்து அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. ரிக்ஷாக்காரர்கள் ரோட்டையும் ரெயிலையும் மறித்தார்கள். மேல்முறையீட்டில் உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. அவர்கள் பிழைப்புக்காகப் போராடியது நியாயம். ஆனால் எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுத்தது எது? பிரேக் இல்லாத வண்டி!

சென்னையில் மீன்பாடி வண்டியின் கதையும் உங்களுக்குத் தெரியும். மிதி வண்டியில் பழைய ஸ்கூட்டர் என்ஜினை ஏற்றி, நம்பர் பலகை இல்லாமல், சத்தமும் புகையுமாக ஓடிற்று. அதை ஓட்டினவர்கள் திருடர்கள் அல்ல, நம்மைப்போல வயிற்றுப்பாட்டுக்கு ஓட்டினவர்கள். நீதிமன்றத் தடை வந்தபோது வண்டியைப் பறிகொடுத்தது என்ஜின் விற்றவரா? இல்லை, ஓட்டினவர்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

2014 ஜூலை 31ந் தேதி டில்லி உயர்நீதிமன்றம் பாட்டரி ரிக்ஷாவை ஒரேயடியாகத் தடை செய்தது. சட்டத்தில் அதற்கு இடமே இல்லாதிருந்ததுதான் காரணம். ஓட்டினவர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த வருஷமே விதிகள் வந்தன. 2015ல் மோட்டார் வாகனச் சட்டமே திருத்தப்பட்டு, பாட்டரி ரிக்ஷாவுக்கும் பாட்டரிச் சரக்கு வண்டிக்கும் தனி இடம் கிடைத்தது. சரக்கு வண்டி என்றால் 310 கிலோ வரை சுமை, 25 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம், அங்கீகரித்த மாதிரிப்படி செய்த வண்டி, பதிவு, லைசென்சு எல்லாம் வேண்டும். நம் பட்டறை வண்டி அந்த அங்கீகாரத்தைப் பெறுவது லேசான காரியமல்ல.

இன்னொரு வழியும் விதியில் இருக்கிறது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் என்றால் அதை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. மின்சார சைக்கிள் பதிவில்லாமல் ஓடுவது இதனால்தான். மிதிக்கிற வண்டிக்கு உதவி மோட்டார் என்கிற பிரிவில், பாட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவுக்குள் என்று ஒரு வரம்பும் உண்டு. இந்த வரிகளை எழுதியவர்களின் கண் முன்னே நின்றது இரண்டு சக்கர சைக்கிள். 250 கிலோ சுமையோடு நிற்கும் நம் வண்டியைப் பார்த்து ஒரு அதிகாரி ஒன்று சொல்லலாம், இன்னொருவர் வேறு சொல்லலாம். அதனால் ஒவ்வொருவரும் தனித்தனியே போய்ச் சாலையில் போலீஸ்காரரிடம் வாதாட வேண்டாம். சங்கத்தின் பெயரில், வண்டியின் எடை, மோட்டாரின் சக்தி, வேகம் எல்லாம் எழுதி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மனுக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குவோம். பதிவில்லாத வண்டி ஒருவர்மேல் மோதினால் இன்ஷூரன்சு கிடையாது, நஷ்டஈடு நம் தலையில்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு வேகத்தை முடிவு செய்யுங்கள்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் 12 கிலோமீட்டர்தானே, பாட்டரி தாங்குமே என்று ஒரு இளைஞர் கேட்டார். பாட்டரி தாங்கும். ஆனால் அது கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை. லாரியும் பஸ்ஸும் பறக்கிற ரோட்டில், பின்னால் விளக்குக்கூட இல்லாமல் 12 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி என்ன கதியாகும்? இது ஊருக்குள் ஓடவேண்டிய வண்டி. பார்சல் ஆபீசிலிருந்து கடைக்கு, தோப்பிலிருந்து கமிஷன் மண்டிக்கு, பால்கோவாக் கடைக்கு வருகிற பால் கேனுக்கு. அதற்கு இது போதும்.

சாவி யார் கையில்?

நான் முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன்.

மகாராஷ்டிரத்தில் பல்டன் என்கிற ஊரில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்று இருக்கிறது. அதில் அனில் ராஜவன்ஷி என்கிற எஞ்சினீயர், இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சைக்கிள் ரிக்ஷாவைச் சீர்திருத்தி, மிதிப்பவருக்கு உதவியாக மோட்டார் வைத்த ரிக்ஷா ஒன்றும், முழுதும் பாட்டரியில் ஓடுகிற ரிக்ஷா ஒன்றும் செய்து காட்டினார். 2008 அக்டோபர் 2ந் தேதி டில்லியில், துர்க்காபூர் அரசு ஆராய்ச்சி நிலையம் செய்த சோலெக்ஷா என்கிற ரிக்ஷாவை விழா எடுத்து ஓட்டினார்கள். மிதியும் உண்டு, மோட்டாரும் உண்டு, சூரிய ஒளியால் சார்ஜ் செய்த பாட்டரியும் உண்டு. மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். தெருவில் அது நிலைக்கவில்லை. விஞ்ஞானிகள் மேல் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் மிதிப்பவனை நினைத்து உழைத்தார்கள். வண்டி வாங்கப் பணம் மிதிப்பவனிடம் இல்லை, அவ்வளவுதான்! பணம் வைத்திருந்தவர்கள் வெளியிலிருந்து வந்த பாட்டரி ரிக்ஷாவைப் பத்தும் இருபதுமாக வாங்கி நிறுத்தினார்கள். நாள் வாடகைக்கு விட்டார்கள். ஓட்டினவரின் காலுக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் விடிந்ததும் வாடகைக் கடன் தலையில் ஏறிற்று.

நம்மிடையே சொந்த வண்டிக்காரரும் இருக்கிறார், வாடகை வண்டிக்காரரும் இருக்கிறார். வாடகை வண்டியில் சொந்தக்காரர் மோட்டார் வைத்தால் என்ன சொல்லுவார்? "ஐயா, உனக்கு இப்போது கஷ்டமில்லை, நாலு நடை போகிற இடத்தில் ஏழு நடை போகிறாய், வாடகையை ஏற்றிக் கொடு." மண்டிக்காரர் என்ன சொல்லுவார்? "வண்டிதானே இழுக்கிறது, நீயா இழுக்கிறாய்? நடைக்கூலியைக் குறைத்துக்கொள்." இரண்டு பக்கமும் வெட்டினால் மோட்டாரின் லாபம் எங்கே போகும்?

இது கற்பனை அல்ல. சத்திரப்பட்டித் தோழர்களைக் கேளுங்கள். கைத்தறி போய் விசைத்தறி வந்தது. தறி வேகமாக ஓடுகிறது. துணி மலையாகக் குவிகிறது. கூலி தானாக ஏறிற்றா? ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தறியை நிறுத்திவிட்டுத் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. மில் தோழர்களுக்கோ, ஒரு ஆள் பார்க்கிற மிஷின் எண்ணிக்கை எப்படிக் கூடிக்கொண்டே போயிற்று என்பது உடம்பிலேயே எழுதியிருக்கிறது.

அதனால் மோட்டார் வருவதற்கு முன்பே பேச வேண்டியதைப் பேசிவிடுவோம். கூலி எடைக்கும் தூரத்துக்கும்; எவ்வளவு நேரத்தில் போனோம், எதால் போனோம் என்பதற்கல்ல. இது எழுத்தில் இருக்கட்டும். வாடகை வண்டியில் மோட்டாரும் பாட்டரியும் ஓட்டுபவரின் பணத்தில் வைத்தால் அவை ஓட்டுபவரின் சொத்து. வண்டியை விடும்போது கழற்றிக்கொண்டு போவார். இதற்கும் ஒரு சீட்டு வேண்டும். நாலு நடை ஏழு நடையாவதற்குப் பதில், ஐந்து நடையோடு பொழுதோடு வீட்டுக்குப் போவதும் ஒரு லாபம்தான். அதை யாரும் கணக்கில் எழுதமாட்டார்கள், நாம்தான் எழுதவேண்டும்.

தனியாக ஒருவர் இதையெல்லாம் வாங்கினால் வட்டிக்காரரிடம்தான் போவார். ஐந்தாறு வண்டிக்காரர்கள் சேர்ந்தால்? சார்ஜர் ஒன்று போதும், மாற்றுப் பாட்டரி ஒரு ஜோடி போதும், முறை வைத்துக்கொள்ளலாம். கூட்டுறவு வங்கியில் ஐந்து பேர் சேர்ந்து கேட்கிற கடனுக்கும் ஒருவர் கேட்கிற கடனுக்கும் பேச்சிலேயே வித்தியாசம் இருக்கும். நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்துத் தறி ஓட்டின ஜில்லா இது. வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஏன் முடியாது?

கேள்விகள் கேட்கலாம். அதோ, பின்னால் நிற்கிற தோழர் மழையைப் பற்றிக் கேட்கிறார். நல்ல கேள்வி. ஐப்பசி அடைமழையில் வண்டியை நிறுத்தி வைக்க முடியாது, எனக்குத் தெரியும். கன்ட்ரோலரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, வயர் கீழ்ப்பக்கத்திலிருந்து நுழையும்படி துளை போடுங்கள். மேலே துளை போட்டால் தண்ணீர் வயர் வழியாகவே உள்ளே இறங்கும். தண்ணீர் தேங்கிய ரோட்டில் மோட்டார் முழுகுகிற ஆழம் இருந்தால், கரண்டை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நனைந்த ரிம்மில் முன் பிரேக் பாதிதான் பிடிக்கும். டிரம் பிரேக் இருந்தால் அந்தத் தொல்லை குறைவு. நனைந்த வண்டியை அன்று இரவு சார்ஜில் போடாதீர்கள், பிளக்கு முனையைத் துணியால் துடைத்துக் காயவைத்து மறுநாள் காலையில் போடுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் தம் வண்டியைச் சுமையோடு இங்கே கொண்டுவரட்டும். ஒரு தராசுக் கொக்கியைக் கட்டி இழுத்து, எத்தனை கிலோ இழுவை என்று எல்லோர் கண்முன்னும் பார்ப்போம். காற்றடிப்பதற்கு முன் ஒரு தடவை, அடித்தபின் ஒரு தடவை. பம்பு நான் கொண்டுவருகிறேன்.